ஏற மறுத்த கண்ணாடி

வீட்டு யன்னல் ஒன்று மூட மறுத்தால் நாம் பதறுவதில்லை. சிறிது எண்ணெய் இட்டுப் பார்க்கிறோம். சிறிது தட்டிப் பார்க்கிறோம். அதுவும் பலிக்காவிடில் தச்சர் வரும்வரை பொறுத்திருக்கிறோம். ஆனால், ஓடும் காரின் யன்னல் மூட மறுக்குமாயின், அதுவும் மார்கழி மழையில், மலைப் பாதையில், இருள் சூழும் வேளையில் மறுக்குமாயின், அஃது எத்துணைப் பெரிய இடர் என்பதைப் பட்டவரே அறிவர். அந்த அனுபவம் நமக்கு வாய்த்தது. அதனால் நேர்ந்த நட்டமும் உண்டு. பெற்ற பாடமும் உண்டு. நட்டம் நம்மோடு இருக்கட்டும். பாடத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசறையில் ஒரு மாலைப்பொழுது

பேராதனையில் தொடங்கும் பெருந்தெரு, நுவரெலியாவைக் கடந்து பதுளைக்கு வந்து, பசறை, லுணுகலை, பிபிலை எனக் கீழிறங்கி, கிழக்கே செங்கலடியில் முடிகிறது. இத்தெருவில் பசறைக்கும் லுணுகலைக்கும் இடைப்பட்ட பகுதியை அறியாதவர் மலையகத்தில் குறைவு. ஒருபுறம் மலைச் சுவர், மறுபுறம் பள்ளம், இடையிடையே தேயிலைச் சரிவுகள். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ் வண்டி, பதின்மூன்றாம் கட்டைக்கு அருகில் பள்ளத்தில் விழுந்து, பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை எவரும் மறந்திரார்.

இரண்டொரு வருடங்களுக்கு முன்னர் ஒரு மார்கழி மாலையில், நம் அன்னையாரைப் பதுளையில் வைத்தியரிடம் காட்டிவிட்டு அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். அன்னையாருக்கு நெடுநாளாகத் தொய்வு நோய் உண்டு. ஈரக் காற்றுப் பட்டால் அவருக்கு ஆகாது. பசறையில் காரை நிறுத்தி, ஒரு கடையில் தேநீர் சொன்னோம். முன் இருக்கையில் அமர்ந்திருந்த அன்னையார், தம் பக்கத்து யன்னலின் பொத்தானை அழுத்திக் கண்ணாடியை முழுவதும் இறக்கி, கடைப் பையன் நீட்டிய கோப்பையை வாங்கினார். குடித்து முடித்துக் கோப்பையைக் கொடுத்துவிட்டு மீண்டும் பொத்தானைத் தொட்டார். கண்ணாடி அசையவில்லை. நம் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினோம். பயனில்லை.

அவ்வேளை பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு பிளாஸ்திக் தாளையும் ஒட்டு நாடாவையும் கொடுத்தார். யன்னலை அத்தாளால் மறைத்துக்கொண்டு புறப்பட்டோம். மழை நின்றதேயன்றி வேறோர் ஆபத்து உண்டாயிற்று. அத்தாள் இடப்பக்கத்துக் கண்ணாடியை, அதாவது பின்வரும் வாகனங்களையும் தெருவின் ஓரத்தையும் காட்டும் அந்தச் சிறு கண்ணாடியை, நம் பார்வையிலிருந்து முற்றாக மறைத்துவிட்டது. மூடுபனியில், இடப்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அறியாமல், ஒவ்வொரு வளைவையும் ஊகத்தாலே கடந்து வீடு வந்து சேர்ந்தோம். அன்னையார் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார். யன்னல் என்பது காரின் அலங்காரப் பொருள் என்று அதுவரை எண்ணியிருந்த எண்ணம் அன்றே நம்மைவிட்டு அகன்றது.

முதல் வைத்தியம்

மறுநாள் காரை ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்தவர் பொத்தானை மேலே இழுத்துப் பார்த்தார். சத்தமில்லை. "மோட்டார் செத்துப் போச்சு, புதிசு போடணும்" என்றார். நாமும் மறுபேச்சின்றிச் சம்மதித்தோம். புதிது என்று அவர் சொன்னது, பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டாரே ஆயினும், அதன் விலை நம் மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை விழுங்கிற்று. கதவை அகலத் திறந்து வைத்து, உட்பலகையைக் கழற்றி, மோட்டாரை மாற்றி, பொத்தானை இழுத்தார். கண்ணாடி விரைந்து ஏறிற்று. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

இரண்டு வாரம் சென்றது. கண்ணாடி மீண்டும் பாதிவழியில் நின்றுவிட்டது.

இங்கே ஒன்றை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிப்பவர். மின்சுற்று என்றால் என்ன, ஆளி என்றால் என்ன, உருகி எதற்காக என்று கரும்பலகையில் ஆண்டுதோறும் படம் வரைந்து விளக்குபவர். எனினும், நம் சொந்தக் காரின் கதவுக்குள்ளும் அதே மின்சுற்றுத்தான் இருக்கிறது என்ற எண்ணம் ஒரு கணமேனும் நமக்குத் தோன்றவில்லை. விசாரியாமல் கோவலனைத் தண்டித்த பாண்டியனைப் பற்றிப் பேசக் கேட்டால் நாம் வருந்துகிறோம். விசாரியாமல் ஒரு மோட்டாரைத் தண்டித்ததை மட்டும் உணர்ந்தோமில்லை.

கதவுக்குள் ஓர் இயந்திரம்

மின்விசையால் ஏறி இறங்கும் யன்னலை இலங்கையில் 'பவர் சட்டர்' என்பது வழக்கம். அதன் வரலாறு சிறிது பழையதே. 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பக்கார்ட் கம்பனியார், எண்ணெய் அழுத்தத்தால் கண்ணாடியை ஏற்றியிறக்கும் முறையைத் தம் கார்களில் அமைத்தனர். 1951இல் கிறைஸ்லர் கம்பனியின் இம்பீரியல் என்னும் கார், முற்றிலும் மின்மோட்டாரால் இயங்கும் யன்னலோடு வெளிவந்தது. அன்று செல்வந்தரின் ஆடம்பரமாயிருந்தது இன்று சிறிய கார்களிலும் சாதாரணமாகிவிட்டது. யன்னலைக் கையாற் சுழற்றும் பிடியைக் கண்டிராத பிள்ளைகளும் இப்போது பலர் உளர்.

கதவின் உட்பலகைக்குப் பின்னே இருப்பவை நான்கே பொருள்கள். முதலாவது, 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து இயங்கும் சிறு மோட்டார். இரண்டாவது, அதன் சுழற்சியைக் கண்ணாடிக்குக் கொண்டு செல்லும் பொறி. உதிரிப்பாகக் கடைகளில் இதனைச் 'சட்டர் மெஷின்' என்பர். சில கார்களில் இது கத்தரிக்கோலின் கால்களைப் போல விரிந்து சுருங்கும் இரும்புக் கரங்களால் ஆனது. வேறு சிலவற்றில் ஓர் உருளையிற் சுற்றிய எஃகு வடம் கண்ணாடியை ஏணியில் ஏற்றுவதுபோல இழுக்கும். மூன்றாவது, நாம் விரலால் அழுத்தும் ஆளி. நான்காவது, இவற்றை இணைக்கும் செப்புக் கம்பிகள்.

இவற்றில் இரண்டு நுட்பங்களை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். மோட்டாரின் தண்டில் திருகாணி போன்ற ஒரு புரி உண்டு. அந்தப் புரி பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றும். ஆனால் பற்சக்கரத்தால் அந்தப் புரியைச் சுழற்றுதல் இயலாது. ஆகையினாற்றான், திருடன் ஒருவன் கண்ணாடியைக் கையால் அமுக்கி இறக்க முடிவதில்லை. அதே காரணத்தால், மோட்டார் நின்றுவிட்டால் நாமும் கண்ணாடியைக் கையால் தூக்க முடிவதில்லை. மற்றொன்று, ஒரே மோட்டார் இருதிசையிலும் சுழலும் விதம். மின்னோட்டம் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் கண்ணாடி ஏறும். திருப்பிப் பாய்ந்தால் இறங்கும். நம் ஆளி செய்வதெல்லாம் இந்தத் திசைமாற்றமே.

கேட்க வேண்டிய கேள்விகள்

நல்ல வைத்தியர் நோயாளியைக் கண்டவுடன் மருந்துப் புட்டியைத் திறப்பதில்லை. நாடி பிடிக்கிறார்; கேள்வி கேட்கிறார். யன்னல் நின்றுவிட்டாலும் முறை அதுவே. கதவைக் கழற்றுமுன், கையிற் கருவி எதுவுமின்றி, எவரும் கேட்டறியக்கூடிய கேள்விகள் ஐந்து உள்ளன.

முதற் கேள்வி: நின்றது ஒரு யன்னலா, எல்லாமா? எல்லா யன்னல்களும் ஒருங்கே நின்றிருந்தால், நான்கு மோட்டார்களும் ஒரே நாளில் இறந்திருக்கும் என்று நம்புவது அறிவுடைமையன்று. அவற்றுக்குப் பொதுவான ஓரிடத்திலேயே கோளாறு இருக்கும். உருகியைப் பார்க்க வேண்டும். சாரதியின் கதவிலுள்ள தலைமை ஆளியைப் பார்க்க வேண்டும். பற்றரி வலுவிழந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். சாரதியின் யன்னல் மட்டும் இயங்கி ஏனையவை நின்றிருந்தால், தலைமை ஆளியின் அருகேயுள்ள பூட்டுப் பொத்தானை யாரேனும் அழுத்திவிட்டனரா என்று நோக்குக. குழந்தைகள் யன்னலைத் திறவாதபடி தடுப்பதற்கென அமைந்தது அது. பொத்தான் அழுந்தியிருப்பதை அறியாமல் கராஜ் வரை சென்று திரும்புவோரும் உண்டு.

இரண்டாங் கேள்வி: எந்த ஆளியால் இயங்கவில்லை? பயணியின் யன்னலுக்கு இரண்டு ஆளிகள் உண்டு; ஒன்று அவர் பக்கத்தில், மற்றொன்று சாரதியின் பக்கத்தில். ஒன்றினால் நன்கு இயங்கி மற்றொன்றினால் இயங்காவிடில், மோட்டார் குற்றமற்றது. இயங்காத ஆளியையும் அதனோடு இணைந்த கம்பியையுமே ஐயுற வேண்டும்.

மூன்றாங் கேள்வி: ஏறவில்லையா, இறங்கவில்லையா, இரண்டுமில்லையா? ஒரு திசையிலேனும் கண்ணாடி அசையுமாயின், மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்பது உறுதி.

நான்காங் கேள்வி: பொத்தானை அழுத்தும்போது என்ன கேட்கிறது? மோட்டார் சுழலும் ஒலி கேட்டும் கண்ணாடி அசையாதிருந்தால், வடம் அறுந்திருக்கலாம். அல்லது கண்ணாடியைப் பற்றியிருக்கும் பிடி கழன்றிருக்கலாம். ஒலியே இல்லையெனில், இரவில் காரின் உள்விளக்கை ஏற்றிவைத்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விளக்குச் சற்று மங்குமாயின், மின்னோட்டம் மோட்டார் வரை செல்கிறது. மோட்டாரோ பொறியோ இறுகிக் கிடக்கிறது. விளக்கில் மாற்றமே இல்லையெனில், பெரும்பாலும் மின்னோட்டம் வழியிலேயே தடைப்பட்டிருக்கிறது.

ஐந்தாங் கேள்வி: கதவின் நிலையை மாற்றினால் என்ன நேர்கிறது? பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கதவை மெல்லத் திறந்து மூடுக. ஏதோ ஒரு நிலையில் கண்ணாடி திடீரென அசையுமாயின், கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே செல்லும் கம்பியில் முறிவு உண்டு.

உருகியைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறுவாம். உருகியில் எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கிறதோ, அதே அளவுள்ள புதிய உருகியையே இட வேண்டும். அது மீண்டும் எரிந்துபோனால், காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். 'இது நிற்காது' என்று அதனிலும் பெரிய உருகியை இடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும், காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்குவது போன்றதாகும். உருகி உருகாவிடில் கம்பி உருகும். கம்பி உருகினால் கார் எரியும்.

பழைய மாணவர் கண்ட உண்மை

இரண்டாம் முறை கண்ணாடி நின்றபோது, அதே கராஜுக்குச் செல்ல மனமில்லை. லுணுகலை நகரில் வாகனங்களின் மின்வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் சென்றோம். அவர் நம்மிடம் பயின்றவர். அயலிலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறி, படிப்பை விட்டவர். அவரைப் பற்றி அக்காலத்தில் நாம் எழுதிய அறிக்கையில் 'கவனம் போதாது' என்ற சொற்கள் இருந்ததை நாம் மறக்கவில்லை. அவரும் மறந்திரார்.

அவர் கதவைத் தொடவில்லை. முதலில் நம்மிடம் கேள்விகளைக் கேட்டார். எப்போது நின்றது? அதற்கு முன் கதவு திறந்து மூடப்பட்டதா? மற்றை யன்னல்கள் எப்படி? பின்னர், பாதியில் நின்ற கண்ணாடியைச் சுட்டி, "சேர், ஏத்திப் பார்க்க வேணாம்; எறக்கிப் பாருங்க" என்றார். பயணியின் பக்கத்துப் பொத்தானைக் கீழே அழுத்தினோம். கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கிற்று.

"மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல சேர். ஏறுறதுக்குத்தான் கரண்டு போற வழி இல்ல" என்றார்.

பயணியின் கதவுக்குச் செல்லும் கம்பிகள் பல. அவற்றுள் ஒன்று அறுந்தாலும், இறங்குவதற்குச் சுற்று முழுமையாயிருக்கும். ஏறுவதற்கு மட்டும் சுற்று முறிந்திருக்கும். முதல் நாள் கராஜில் கண்ணாடி முழுவதும் இறங்கிக் கிடந்தமையால், அதை இறக்கிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

பின்பு அவர் கதவை மெல்லத் திறந்துகொண்டே நம்மைப் பொத்தானை மேலே இழுக்கச் சொன்னார். கதவு முழுவதும் திறந்த நிலையில் கண்ணாடி ஏறிற்று. மூடினார், நின்றது. திறந்தார், ஏறிற்று. அப்போதுதான் நமக்கு எல்லாம் விளங்கிற்று. கராஜ்காரர் மோட்டாரை மாற்றியபோது கதவு அகலத் திறந்திருந்தது. கம்பியின் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டிருந்தன. பழைய மோட்டாரையே திரும்பவும் பூட்டியிருந்தாலும் அது இயங்கியிருக்கும்!

கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே, யானையின் துதிக்கையைப் போல மடிப்பு மடிப்பாக ஓர் இறப்பர் உறை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை இழுத்து நீக்கினார். உள்ளே பல நிறக் கம்பிகள் சென்றன. ஒவ்வொன்றையும் விரலாற் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஒன்று மட்டும் இறப்பரைப் போல நீண்டது. வெளியே நிற உறை முழுதாயிருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. கதவு திறக்குந்தோறும் அக்கம்பி வளைகிறது, மூடுந்தோறும் நிமிர்கிறது. எறும்பூரக் கல்லுந் தேயும் என்பது பழமொழி. ஆண்டுக்கணக்காக வளைந்து நிமிரும் செம்பும் ஒருநாள் அறும்.

அவர் அக்கம்பியின் முறிந்த பகுதியை நீக்கி, மென்மையான புதிய கம்பித் துண்டொன்றை இடையே சேர்த்தார். ஈயப்பற்று வைத்த இணைப்புகள் இரண்டும் மடிப்பினுள் வாராமல், ஒன்று கதவினுள்ளும் மற்றொன்று உடற்பக்கத்தினுள்ளும் அமையுமாறு பார்த்துக்கொண்டார். காரணம் கேட்டோம். "ஈயம் வச்ச எடம் வளையாது சேர், வளையிற எடத்துல வச்சா மறுபடி அங்கயே ஒடையும்" என்றார். நாம் கேட்டு முடியுமுன்னரே விடை வந்தது. பரீட்சைத் தாளில் அவ்வினாவைக் கேட்டிருந்தால் அவருக்கு முழுப் புள்ளி கிடைத்திருக்கும். கேட்பதற்கு நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாம் எறியாமல் வைத்திருந்த பழைய மோட்டாரையும் அவரிடம் காட்டினோம். ஒரு பற்றரியோடு இணைத்தார். சுழன்றது. கம்பிகளை மாற்றி இணைத்தார். எதிர்த்திசையில் சுழன்றது. செய்த வேலைக்கு அவர் வாங்கியது ஒரு முழக் கம்பியின் விலைக்குச் சற்று மேற்பட்ட தொகையே.

மழையும் கதவும்

ஊவாவின் கிழக்குச் சரிவுகளில் ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் மூடுபனியும் மிகுதி. லுணுகலை என்ற பெயரில் உப்பும் கல்லும் உண்டு. சிங்களத்தில் 'லுணு' என்பது உப்பு, 'கல' என்பது கல். கடலோரத்தில் உப்புக் காற்றுச் செய்யும் தீமையை இங்கே ஈரக் காற்றுச் செய்துவிடுகிறது. ஆளிகளின் செப்புத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு படிகிறது. மோட்டாரின் இணைப்புகள் துருப்பிடிக்கின்றன.

மழைநீர் கதவினுள் புகுவது இயற்கையே. கண்ணாடி ஓரமாக உள்ளே வழியும் நீர், கதவின் அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேற வேண்டும். அத்துளைகள் சேற்றாலும் சருகாலும் அடைபட்டால், கதவு ஒரு நீர்த்தொட்டியாகிவிடும். கதவை அசைக்கும்போது உள்ளே நீர் தளும்பும் ஓசை கேட்டால், ஒரு மெல்லிய குச்சியால் துளைகளைத் திறந்துவிடுக. உட்பலகைக்குப் பின்னே பிளாஸ்திக் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். வேலை செய்வோர் சிலர் அதைக் கிழித்தெறிந்துவிடுவர். அது வெறுந்தாள் அன்று. நீர் ஆளிப் பக்கம் வாராமற் காக்கும் திரை. வேலை முடிந்ததும் அது மீண்டும் ஒட்டப்பட்டதா என்று கேட்டுப் பார்ப்பது உரியவரின் கடமை.

கண்ணாடி நின்றுவிடாமல், ஆனால் முன்னைவிட மெதுவாக ஏறுமாயின், அதுவும் ஒரு முன்னறிவிப்பே. கண்ணாடி ஓடும் இறப்பர்த் தவாளிப்பில் தூசி படிந்து இறுகியிருக்கும். ஈரத்துணியால் அதைத் துடைத்துச் சுத்தஞ்செய்து, கடைகளிற் கிடைக்கும் சிலிக்கன் தெளிப்பானைச் சிறிது அடித்தால் போதும். எஞ்சின் எண்ணெயும் கிறீசும் இடுதல் கூடாது. அவை இறப்பரைக் கெடுப்பதோடு மேலும் தூசியைச் சேர்க்கும். இவ்வாறு இறுகிய யன்னலை ஓயாது இயக்கினால் மோட்டார் சூடாகி, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். சில நிமிடங்கள் ஆறவிட்டால் மீண்டும் இயங்கும். அதைப் பழுதென்று எண்ணி மாற்றிவிடலாகாது.

பழைய கார்களை நம் நாட்டவர் இவ்வளவு பேணுவதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான். திறந்த பின்னரும் வரிச்சுமையால் புதிய கார் என்பது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத கனியே. ஆகவே, இருப்பதைக் காக்கும் கலையை நாம் கற்றேயாக வேண்டும்.

வழியில் நின்றுவிட்டால்

கராஜ் இல்லாத இடத்தில் கண்ணாடி இறங்கி நின்றுவிட்டால் செய்யத்தக்கவை சில உண்டு. முதலில் மேலே கூறிய ஐந்தாங் கேள்வியைச் சோதித்து, கதவைத் திறந்த நிலையில் ஏற்றிப் பார்க்கலாம். பசறையில் அன்று இஃது ஒன்றைச் செய்திருந்தாலே அன்னையார் நனையாமல் வந்திருப்பார். அதுவும் பலிக்காவிடில், ஒருவர் பொத்தானை மேலே இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் மூடிய கையால் கதவின் உட்புறத்தில், மோட்டார் இருக்கும் இடத்தில் அளவோடு தட்டலாம். மோட்டாரின் உள்ளே தேய்ந்த கரித்துண்டு இடம்மாறி, கடைசி முறையாகவேனும் கண்ணாடியை ஏற்றிவிடக்கூடும். கண்ணாடி பாதியில் நின்றால், அதன் இருபுறமும் உள்ளங்கைகளை அழுத்தி வைத்து, பொத்தான் இழுக்கப்படும் வேளையில் மேல்நோக்கித் தூக்கி உதவலாம். ஏறிவிட்டால், பழுது திருத்தும்வரை அதனை மீண்டும் இறக்காதிருப்பதே அறிவு.

தாளால் மறைக்க நேர்ந்தால், பக்கக் கண்ணாடி தெரியும் பகுதியில் ஒளி ஊடுருவும் தெளிந்த தாளையே இடுக. நாம் செய்த பிழையை மற்றவர் செய்ய வேண்டா.

கதவைத் தாமே கழற்ற விரும்பும் இளைஞர்க்கும் ஒரு சொல். பொறியினிடையே விரல் இருக்கும்போது எவரும் பொத்தானைத் தொடலாகாது. அக்கரங்கள் விரலை நறுக்கிவிடும். வேலைக்கு முன் கண்ணாடியை ஒட்டு நாடாவால் சட்டத்தோடு பிணைத்து நிறுத்த வேண்டும். கதவிலோ இருக்கையிலோ பாதுகாப்புக் காற்றுப்பை இருக்கும் காராயின், அனுபவமுள்ளவரிடமே விடுவது நன்று. பற்றரியைக் கழற்றிப் பூட்டிய பின், தானே முழுவதும் ஏறும் வகை யன்னல்கள் சில கார்களில் தம் பழக்கத்தை மறந்துவிடும். கண்ணாடியை மேலே ஏற்றி, பொத்தானைச் சில வினாடிகள் விடாமற் பிடித்திருந்தால் அநேகமாக அவை பழைய நிலைக்கு வரும். இதன் முறை காரோடு வரும் கைநூலில் இருக்கும்.

குழந்தைகள் இருக்கும் கார்

நின்றுவிட்ட யன்னலைப் பற்றி இவ்வளவு கூறினோம். இயங்கும் யன்னலைப் பற்றியும் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அஃது ஒரு மோட்டாரால் தூக்கப்படும் கண்ணாடி. குழந்தையின் கழுத்து எது, காற்று எது என்று அறியாதது. தலையை வெளியே நீட்டி நிற்கும் குழந்தை, தன் முழங்காலாலேயே பொத்தானை அழுத்திவிட்டு நெரிபட்ட துயரங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. அதனாலேயே அமெரிக்கப் பேரவை 2005ஆம் ஆண்டு இயற்றிய ஒரு சட்டம், பொத்தானை மேலே இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏறும் வகையில் ஆளிகள் அமைய வேண்டுமென வழிசெய்தது. தடை பட்டால் தானே பின்வாங்கி இறங்கும் யன்னல்களும் இப்போது உண்டு. எனினும் எல்லாக் கார்களிலும், எல்லா யன்னல்களிலும் அவ்வசதி இல்லை. பூட்டுப் பொத்தானைப் பயன்படுத்துவதும், சாவியைக் காரில் விட்டு இறங்காதிருப்பதும், குழந்தையைத் தனியே காரில் விடாதிருப்பதுமே நம்பத்தக்க காவல்.

மற்றொன்று வெள்ளம். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் நம் மாவட்டத்தைப் பாடாய்ப் படுத்தியதை அனைவரும் அறிவோம். பெருகும் நீரினுள் காரைச் செலுத்தாதிருப்பதே முதல் அறிவு. தவறி நீரில் விழ நேர்ந்தால், யாரையும் தொலைபேசியில் அழைக்கக் காத்திராமல், அந்தக் கணமே இருக்கைப் பட்டியைக் கழற்றி, யன்னலை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியேற்ற வேண்டும். மின்யன்னல் நீரில் விழுந்தவுடன் பெரும்பாலும் சிறிது நேரம் இயங்கும். நீர் யன்னல்மட்டம் வரை உயர்ந்து கண்ணாடியை அழுத்தத் தொடங்கிவிட்டால் இறக்குவது கடினமாகிவிடும். பழுதுபட்ட யன்னலை 'பிறகு பார்ப்போம்' என்று விட்டுவைப்பவர், தப்பும் வழிகளில் ஒன்றை அடைத்து வைத்திருக்கிறார் என்பதை உணர வேண்டும்.

இந்த வருடம் நம் வகுப்பில் மின்சுற்றுப் பாடம் வந்தபோது, கரும்பலகையில் படம் வரையுமுன், மாணாக்கரைக் காரின் அருகே அழைத்துச் சென்றோம். கதவைத் திறந்து இறப்பர் உறையைக் காட்டி, அந்தப் பழைய மாணவரையே வந்து விளக்கச் சொன்னோம். அவர் முதலில் கூசினார். பின்பு ஒவ்வொரு கேள்வியாக மாணாக்கரையே கேட்க வைத்து, அவர்களையே விடை காணச் செய்தார். கற்பிக்கும் முறை அதுவென்று நாம் எந்தப் பயிற்சிக் கலாசாலையிலோ கேட்டதுண்டு.

வீடு திரும்பும்போது அன்னையார் வழக்கம்போல் முன் இருக்கையில் இருந்தார். பசறைப் பக்கத்திலிருந்து பனி எழுந்து வந்தது. அவர் பொத்தானை இழுத்தார். கண்ணாடி ஓசையின்றி ஏறிற்று. "இப்பொழுது சரியாகத்தான் ஏறுகிறது. அந்தப் பிள்ளையை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டிருக்கிறோம்.